நெம்மேலிக் காற்றுக்கு ஒரு மேசை

நெம்மேலிக்குக் கிழக்கே வங்கக் கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும். அதைத் தாண்டினால் திருப்போரூர், பழைய மாமல்லபுரம் சாலை, வடக்கே சிறுசேரியின் சிப்காட் வளாகம். கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்த்தவர்கள் சிறு குழுவாகப் பிரிந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து அலுவலகம் போடும்போது, பெரும்பாலும் கேட்பது ஒரே பட்டியல்தான்: தடுப்பு வேண்டாம், எல்லோரும் சேர்ந்து உட்கார ஒரு நீண்ட மேசை வேண்டும், அது உண்மையான மரத்தில் இருக்க வேண்டும், ஒயர் எதுவும் கண்ணில் படக் கூடாது.

இந்தப் பட்டியலுக்குப் பின்னால் அறுபது எழுபது ஆண்டு வரலாறு உண்டு. அறைச் சுவர்களை நீக்கி, மேசைகளைத் திறந்த வெளியில் பரப்பிவைக்கும் முறை 1950களின் இறுதியில் ஜெர்மனியில் தொடங்கியது. அமெரிக்காவில் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ராபர்ட் பிராப்ஸ்ட் வடிவமைத்த ‘ஆக்‌ஷன் ஆபீஸ்’ 1964இல் வந்தது. 1968இல் வந்த அதன் இரண்டாம் வடிவத்தின் அசையும் தடுப்புகளை நிறுவனங்கள் நெருக்கி அடுக்கியதில் பிறந்ததுதான் ‘க்யூபிகிள்’. இப்போது அந்தத் தடுப்பும் போய், மிஞ்சியிருப்பது மேசை மட்டும். பார்க்க எளிமையான பொருள். ஆனால் மரவேலையில் அகலமான பலகையைப் போலத் தொல்லை தருவது வேறில்லை. கடலோரத்தில், அதுவும் குளிர்சாதனம் பகலில் ஓடி இரவில் நிற்கும் அறையில், அந்தத் தொல்லை இரட்டிப்பாகும்.

இங்கே விளக்கப்படுவது ஆறு பேர் எதிரெதிரே அமரும் ஒரு தேக்கு மேசை. நீளம் 3600 மி.மீ., அகலம் 1320 மி.மீ., உயரம் 740 மி.மீ. ஒருவருக்கு 1200 மி.மீ. நீளமும் 600 மி.மீ. ஆழமும் கிடைக்கும். மேற்பரப்பு ஒரே பலகை அல்ல, 600 மி.மீ. அகலத்தில் இரண்டு. நடுவில் 120 மி.மீ. இடைவெளி. ஒயர்கள் ஓடுவது அந்த இடைவெளியில்தான். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பின்னால் வரும்.

முதல் வேலை மரம் எடுப்பது. புதுத் தேக்கைவிட இடித்த வீட்டுத் தேக்கு இந்த வேலைக்கு மேல். ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பர்மா தேக்கு செட்டிநாட்டு வீடுகளிலும் சென்னையின் பழைய வீடுகளிலும் விட்டமாகவும் கைமரமாகவும் பல பத்தாண்டுகள் கிடந்து, இழுக்க வேண்டியதை எல்லாம் இழுத்து முடித்திருக்கும். 5 அங்குலத்துக்கு 4 அங்குலம் பருமனும் 13 அடி நீளமும் உள்ள விட்டங்கள் ஆறு வேண்டும். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 11 கன அடி. கால்களுக்கும் சட்டங்களுக்கும் தனியாக 5 கன அடி.

விட்டத்தை நிறுத்துப் பார்க்க முடியாது, தட்டிப் பார்க்கலாம். கொட்டாப்புளியால் முனையில் தட்டினால் நல்ல மரம் கணீரென்று சொல்லும். உள்ளே உளுத்தது மந்தமாக ஒலிக்கும். பிறகு முனையில் ஒரு அங்குலம் அறுத்துத் தள்ளி, புது வெட்டில் வைரம் எவ்வளவு, ஓரத்து வெள்ளை எவ்வளவு என்று பார்க்க வேண்டும். வெள்ளையில் கரையான் ஏறும். வைரத்தை அது எளிதில் தொடாது. சுவருக்குள் புதைந்திருந்த முனைகள்தான் அதிகம் கெட்டிருக்கும். 13 அடி வாங்குவது அதற்காகத்தான். இரு முனையிலும் அரை அடி கழித்தாலும் 12 அடி நிற்கும்.

பழைய மரத்தை மலிவுச் சரக்கு என்று எண்ணுபவர்களுக்குச் சண்டிகரைச் சொல்லலாம். 1950களில் பியர் ஜான்னரே அந்நகரத்து அரசு அலுவலகங்களுக்கு வடிவமைத்த தேக்கு, பிரம்பு நாற்காலிகள் பின்னாளில் உடைசலாகக் கழிக்கப்பட்டன. அவையே வெளிநாட்டு ஏலங்களில் பெருந்தொகைக்குப் போயின. தேக்கு கெடவில்லை, கண்தான் மாறியது.

இரண்டாவது, ஆணி பிடுங்குதல். இதை அவசரப்படுத்தக் கூடாது. கையில் பிடிக்கும் உலோகம் காட்டும் கருவியை நான்கு பக்கமும் மெல்ல நகர்த்தி, ஒலி வந்த இடத்தில் எல்லாம் சுண்ணக்கட்டியால் வட்டம் போடுவார்கள். கண்ணுக்குத் தெரியும் ஆணியைக் கடப்பாரை முனையால் நெம்பலாம். தலை முறிந்து உள்ளே தங்கியதைச் சுற்றிச் சிற்றுளியால் குடைந்து குறடால் இழுக்க வேண்டும். ஒரே ஓர் ஆணி தங்கினாலும் அறுவை மில்லின் பட்டை ரம்பம் பல் போய்விடும். மில்காரர் அதன் விலையைக் கூலியில் சேர்த்துவிடுவார். ஆணி இருந்த துளையைச் சுற்றி மரம் கறுத்திருக்கும். இரும்பும் ஈரமும் தேக்கின் சாறும் சேர்ந்து உண்டாக்கிய கறை அது, இழைத்தாலும் முழுதும் போகாது. பழைய பெயிண்ட் ஒட்டியிருந்தால் அதில் ஈயம் இருக்கக்கூடும் என்றே கொள்ள வேண்டும்: உலரச் சுரண்டாமல், நனைத்து, முகமூடி அணிந்து சுரண்டி, சுரண்டியதைத் தனியே கட்டி அப்புறப்படுத்துவது முறை.

மூன்றாவது அறுவை. 4 அங்குலப் பருமனில் இருபுறமும் 8 மி.மீ. தோல் கழித்தால் 85 மி.மீ. நிற்கும். அதில் 32 மி.மீ. கனத்தில் இரண்டு பலகை. ஆறு விட்டத்துக்குப் பன்னிரண்டு பலகை, மேசைக்கு வேண்டியதும் பன்னிரண்டுதான். பலகையின் அகலம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. முடிவில் வேண்டியது 100. மீதி 27 மி.மீ.க்குள் ஆணித் துளை, ஓரத்து வெள்ளை, வெடிப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொள்ளலாம்.

அறுத்த பலகையில் உடனே கைவைக்கக் கூடாது. எத்தனை ஆண்டு காய்ந்த மரமானாலும் உள்வயிறு வெளிக்காற்றைப் புதிதாகப் பார்க்கிறது. பலகைகளுக்கு இடையே முக்கால் அங்குல ரீப்பர் துண்டுகளை இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றின் நேர்மேல் ஒன்று வரும்படி வைத்து அடுக்கி, மேலே பாரம் ஏற்றி, பட்டறையில் மூன்று வாரம் விடுவார்கள். அதன் பிறகு இரண்டு வாரம் மேசை போகப்போகும் அறையிலேயே, குளிர்சாதனத்தை வழக்கம்போல ஓட்டியபடி. இந்த இரண்டாம் காத்திருப்பைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 முதல் 80 விழுக்காடு இருக்கும் கடலோரத்தில் மரம் தன் எடையில் 14, 15 விழுக்காடு ஈரத்தைப் பிடித்து நிற்கும். குளிர்சாதன அறையில் காற்று 50, 55 விழுக்காட்டுக்கு இறங்கும். மரமும் 9, 10க்கு இறங்கும். ஈரம் ஒரு விழுக்காடு மாறினால் தேக்கு, ஆண்டு வளையத்தின் போக்கில், தன் அகலத்தில் ஏறக்குறைய ஐந்நூற்றில் ஒரு பங்கு நகரும். 600 மி.மீ. பலகைக்கு ஐந்து விழுக்காட்டு மாற்றம் என்றால் ஐந்தரை மி.மீ. நீளவாக்கில் நகர்வு கணக்கில் கொள்ளத் தக்கதல்ல. அதாவது இந்த மேசை நீளத்தில் நிற்கும், அகலத்தில் மூச்சு விடும். அதற்கு இடம் கொடுத்துக் கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஈரமானியின் இரு ஊசிகளைப் பலகையில் குத்தி 10, 11 என்று காட்டும்வரை பொறுப்பது அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவில் தொடங்குவதற்காக.

நான்காவது, சீவுதலும் சேர்த்தலும். மிஷினில் பலகைகளை 28 மி.மீ. கனத்துக்கும் 100 மி.மீ. அகலத்துக்கும் கொண்டுவருவார்கள். தேக்கில் இயற்கையாகவே சிலிக்கா உண்டு. சாதாரண எஃகுக் கத்தி விரைவில் மழுங்கும், கார்பைடு முனை தாங்கும். பலகைகளைத் தரையில் பரப்பி எது எதன் பக்கம் என்று தீர்மானிப்பது மேஸ்திரியின் கண் வேலை. ஆண்டு வளையம் ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று மாற்றி வைத்தால் மேசை கோணாது என்பது பள்ளிக்கூடப் பாடம். நன்றாகப் பதப்பட்ட பழைய தேக்கில் அதைவிட ரேகை ஒத்துப்போவது முக்கியம் என்பது என் கருத்து. ஒரு பலகையின் ரேகை வலப்புறமும் அடுத்தது இடப்புறமும் ஓடினால் கடைசியில் இழைக்கும்போது ஒன்று வழவழக்கும், மற்றது பிய்யும். தீர்மானித்ததும் ஆறு பலகைக்கும் குறுக்கே ஒரு பெரிய முக்கோணத்தைப் பென்சிலால் போட்டுவிடுவார்கள். பிறகு எப்படிக் கலைந்தாலும் முக்கோணம் கூடினால் வரிசை கூடியது என்று பொருள்.

ஒட்டும் விளிம்புகளை நீண்ட இழைப்புளியால் சீவுவதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். இரண்டு பலகையையும் விளிம்போடு விளிம்பு நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்தால் ஒளி கசியக் கூடாது. நடுவில் மட்டும், ஒரு தாள் நுழையும் அளவுக்கு, கசியலாம், கசிய வேண்டும். அதற்காகக் கடைசி இரண்டு மூன்று இழைப்பைப் பலகையின் முனையில் தொடங்காமல் உள்ளே தள்ளித் தொடங்கி, அடுத்த முனைக்கு முன்பே எடுத்துவிடுவார்கள். கிளாம்ப் அந்த மெல்லிய இடைவெளியை மூடும்போது இரு முனைகளும் கூடுதலாக அழுந்தும். மரம் ஈரத்தை முதலில் இழப்பது முனைகளில். வெடிப்பு தொடங்குவதும் அங்கேதான். அந்த அழுத்தம் அங்கே காவலாக நிற்கும்.

தேக்கில் எண்ணெய் உண்டு. சீவிய விளிம்பு ஓரிரு நாள் சும்மா கிடந்தால் எண்ணெய் மேலே வந்து பசையைப் பிடிக்க விடாது. ஆகையால் காலையில் சீவி, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, அன்றே ஒட்ட வேண்டும். தண்ணீர் தாங்கும் வெள்ளைப் பசையே போதும். ஆனால் நம் வெயிலில் அது பத்து நிமிடத்துக்குள் தோல் கட்டும். அதற்குள் ஆறு பலகையை ஒரே மூச்சில் ஒட்டுவது நடக்காது. மூன்று மூன்றாக ஒட்டுவார்கள். கிளாம்புகள் 300 மி.மீ.க்கு ஒன்று, ஒன்று மேலே ஒன்று கீழே. பிதுங்கிய பசை அரை மணியில் பாகுப் பதத்துக்கு வரும், அப்போது மழுங்கிய உளியால் வழித்தால் சுத்தமாக வரும். ஈரத்துணியால் துடைத்தால் மரத்தின் துளைகளுக்குள் போய், பாலிஷ் போடும்போது வெளுப்பாகத் தெரியும். இரவு முழுக்க இறுக்கத்திலேயே விட வேண்டும்.

மூன்று மூன்றாக ஒட்டியதில் இன்னொரு நன்மை இருக்கிறது. 300 மி.மீ. அகலத் துண்டு, சிறு பட்டறைகளில் இருக்கும் 12, 13 அங்குல சீவு மிஷினில் நுழையும். 28 மி.மீ. கனத்தை அதில் விட்டு 25 ஆக்கி, பிறகு இரு பாதிகளையும் ஒட்டினால் கையால் சமன்செய்ய வேண்டியது நடுவில் ஒரே ஓர் இணைப்புத்தான். இரண்டு மேற்பலகைக்கும் இதே வரிசை. ஒன்றின் எடை ஏறத்தாழ 35 கிலோ, இருவர் தூக்கலாம்.

ஐந்தாவது, கால்கள். கறுப்பு பவுடர் பூசிய இரும்புக் கால்தான் இன்றைய மோஸ்தர். நெம்மேலியில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பூச்சு முழுமையாக இருக்கும்வரை அது நல்லதே. நாற்காலி இடித்தோ துடைப்பம் உரசியோ ஓரிடத்தில் பெயர்ந்தால், உப்புக் காற்று அந்த வழியாகப் பூச்சுக்கு அடியில் ஊர்ந்து போகும். உப்பு உலோகத்தை என்ன செய்யும் என்பதை அறிந்த ஊர் இது. 2013இல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டருக்கும், 2024இல் இன்னொன்று 15 கோடி லிட்டருக்கும் என இரண்டு கடல்நீர் குடிநீராக்கும் நிலையங்கள் இங்கே திறக்கப்பட்டன. அத்தகைய நிலையங்களின் உயர் அழுத்தக் குழாய்களுக்குச் சாதாரண எவர்சில்வர் போதாது. அதைவிட உயர்ந்த கலவை எஃகு தேவைப்படும். மேசைக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் போல்ட், திருகு எல்லாம் 304 அல்ல, 316 தரமாக இருக்க வேண்டும். அதில் 2 முதல் 3 விழுக்காடு மாலிப்டினம் உண்டு. குளோரைடு அரிப்பைத் தடுப்பது அதுதான்.

கால் சட்டகங்கள் நான்கு: இரு முனையிலும் ஒவ்வொன்று, ஆட்கள் பிரியும் இடங்களில், அதாவது 1200, 2400 மி.மீ.யில் ஒவ்வொன்று. நடுச் சட்டகங்களின் கால்கள் விளிம்பிலிருந்து 250 மி.மீ. உள்ளே தள்ளி நிற்கும், முழங்கால் இடிக்காது. கால் 70 மி.மீ. சதுரம், குறுக்குச் சட்டம் 90க்கு 40. இணைப்பு, கழுந்தும் துளையும். கழுந்தின் கனம் சட்டத்தின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, 13 மி.மீ.; நீளம் 45 மி.மீ. மூலமட்டம் வைத்துக் கத்தியால் கோடு கிழித்து, துளையை இரண்டு பக்கமும் கோட்டுக்குள் நிற்கும்படி உளியால் கொத்தி, கழுந்தை ரம்பத்தால் கோட்டின் வெளிப்புறம் அறுத்து, மிச்சத்தைச் சிற்றுளியால் தட்டிச் சேர்ப்பார்கள். கையால் அழுத்தினால் பாதி போய், மீதிக்குக் கொட்டாப்புளியில் இரண்டு தட்டுக் கேட்பது சரியான இறுக்கம். சுத்தியல் கேட்டால் கால் பிளக்கும்.

இனி மர ஆணி. காலின் வழியாகத் துளையைக் கடந்து 10 மி.மீ. துவாரம் போட்டு, கழுந்தை உள்ளே தள்ளி, துரப்பண முனையால் கழுந்தின்மேல் புள்ளி வைத்து, வெளியே எடுப்பார்கள். கழுந்தில் துவாரம் போடுவது அந்தப் புள்ளியில் அல்ல, ஒன்றரை மி.மீ. தோள்பக்கம் தள்ளி. மீண்டும் சேர்த்தால் துவாரங்கள் சற்று விலகி நிற்கும். முனை கூராக்கிய தேக்கு ஆணியை அடித்தால், அது வளைந்து போகும் வழியில் கழுந்தை உள்ளே இழுத்துத் தோளைக் காலோடு அழுத்திவிடும். கிளாம்ப் தேவையில்லை; நாள்பட்டு மரம் இளைத்தாலும் இழுப்பு விடாது.

நான்கு சட்டகங்களையும் நீளவாக்கில் சேர்ப்பவை இரண்டு நெடுஞ்சட்டங்கள், 10 மி.மீ. போல்ட்டில். இங்கே பசையோ மர ஆணியோ கிடையாது, கழற்ற வேண்டும் என்பதால். ஒவ்வொரு இணைப்பிலும் இருபுறமும் ஒரே எண்ணை உளியால் கொத்திவிடுவார்கள். சற்று வடக்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில், வேறு ஊர்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். தூணும் கதவும் அத்தனை தூரம் வந்து தத்தம் இடத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தவர்களுக்குப் பிரித்துக் கோக்கும் மரவேலையின் அருமை தெரியும்.

ஆறாவது, மேற்பலகையைச் சட்டகத்தில் அமர்த்துவது. ஆள் உட்காரும் வெளிவிளிம்பில் பலகையைத் திருகால் நிலையாகப் பிணைக்க வேண்டும். உள்விளிம்பில் பிணைக்கக் கூடாது. அங்கே சட்டத்தின் பக்கவாட்டில் 10 மி.மீ. காடி வெட்டி, எல் வடிவச் சிறு மரக் கொக்கியின் நாக்கு அதில் நுழையும்படி வைத்து, கொக்கியை மட்டும் பலகையின் அடியில் திருகுவார்கள். பலகை மேலே எழாது; குறுக்கே தாராளமாக நகரும். வெளிவிளிம்பு நிலையாக நிற்பதால் நகர்வு முழுவதும் நடு இடைவெளியை நோக்கியே போகும். ஒயருக்காக விட்ட 120 மி.மீ.யின் இரண்டாம் வேலை இதுதான். மழைக்காலத்தில் இரு பலகையும் உள்நோக்கி வளர, இடைவெளி சற்றுக் குறுகும். கோடையில் குளிர்சாதனம் ஓட ஓட விரியும். உட்கார்ந்திருப்பவர் கைக்கு எதுவும் தெரியாது.

இடைவெளியின் மூடி அதற்கு ஒத்துப்போக வேண்டும். உள்விளிம்புகளின் மேற்பக்கம் 18 மி.மீ. அகலமும் 12 மி.மீ. ஆழமும் உள்ள படி வெட்டுவார்கள். படிக்குப் படி அகலம் 156 மி.மீ. மூடியின் அகலம் 140. இரு பக்கமும் பத்துப் பத்து மி.மீ. படிமேல் தங்கும், எட்டு எட்டு மி.மீ. சும்மா கிடக்கும். பலகை ஐந்தரை வளர்ந்தாலும் மூடி சிக்காது. மூடி மூன்று துண்டு. ஒயர் வெளிவர 600 மி.மீ.க்கு ஒரு பள்ளம்.

ஏழாவது மெருகு. வெளிவிளிம்பில், முன்கை தங்கும் இடத்தில், 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிட வேண்டும். ஆணித் துளைகளைத் தேக்கு முளை வைத்து ரேகை ஒத்து அடைத்து, சுற்றியுள்ள கறுப்பை அப்படியே விடுவது நல்லது. அதை மறைக்கச் சாயம் ஏற்றினால் மேசை முழுவதும் செத்த நிறமாகும். உப்புத்தாள் 80, 120, 180, 220 என்று ஏறுவரிசையில், ரேகையின் போக்கிலேயே. தேக்குத் தூள் மூச்சுக்கு ஆகாது, முகமூடி கட்டாயம்.

பளபளப்பு வேண்டாம். சன்னலுக்கு வெளியே கடல் வெளிச்சம் இருக்கும்போது மினுங்கும் மேசை கண்ணை உறுத்தும். இரு பாகம் கலக்கும் மேட் பி.யூ. பூச்சு போதும்: சீலர் இரண்டு கை, இடையில் 400 எண் தாளில் தேய்ப்பு, மேல்பூச்சு இரண்டு கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கை. கண்ணுக்குத் தெரியாத பக்கம் என்று அங்கே ஒரு கை குறைத்தால் இரு பக்கமும் ஈரத்தை வெவ்வேறு வேகத்தில் வாங்கி, பலகை அப்பளமாகக் கோணும். ஸ்பிரே அடிப்பது காலை பதினொன்றுக்கும் மாலை மூன்றுக்கும் இடையில். அதிகாலை ஈரத்திலும் வடகிழக்குப் பருவமழை நாட்களிலும் அடித்தால் பூச்சு வெளுத்துப் பூத்துவிடும்.

ஏழு நாள் காயவிட்டு, பிரித்து, வண்டியேற்றி, எண் பார்த்துக் கோப்பது எட்டாவது. ரசமட்டம் வைத்து, தரை தாழ்ந்த காலின் கீழ் நைலான் தட்டைத் திருகி உயர்த்துவார்கள். நடு இடைவெளியின் கீழே 1.2 மி.மீ. அலுமினியத் தகட்டை மடித்த தொட்டி. நடுவில் ஒரு தடுப்பு: ஒருபுறம் மின்சாரம், மறுபுறம் டேட்டா. ஒருவருக்கு இரண்டு 6 ஆம்பியர் சாக்கெட். தொட்டியையும் எர்த்தில் சேர்க்க மறக்கலாகாது.

மேசை வந்த பிறகுதான் அறையின் எதிரொலி தெரியவரும். கண்ணாடி, ஓடு, மரம் மூன்றுமே ஒலியைத் திருப்பி அனுப்புபவை. 1200க்கு 600 மி.மீ. மரச்சட்டத்தில் 50 மி.மீ. கண்ணாடிக் கம்பளி வைத்து, மெல்லிய துணி போர்த்தி, மேலே வந்தவாசிக் கோரைப்பாயை இழுத்துக் கட்டிச் சுவரில் மாட்டலாம். பாய் தனியாக ஒலியை அதிகம் வாங்காது. அதன் இடுக்குகள் ஒலியை உள்ளே விடும், கம்பளி வாங்கிக்கொள்ளும். பாய் சற்றும் ஈரமில்லாமல் இருக்க வேண்டும். இல்லையேல் இந்தக் கடலோரத்தில் பூஞ்சை பிடிக்கும்.

கடைசி வேலை முதல் மழைக்காலம் முடிந்த பிறகு. மூடியை எடுத்து, நடு இடைவெளியை மூன்று இடத்தில் அளந்து, கோத்த அன்று தொட்டியின் உட்புறம் எழுதிவைத்த அளவோடு ஒப்பிட வேண்டும். இருபுறமும் சேர்த்து ஏழெட்டு மி.மீ. குறுகியிருந்தால் கொக்கிகள் ஒழுங்காக நகர்கின்றன. ஒரு முனையில் மட்டும் குறுகாமல் நின்றிருந்தால் அங்கே ஏதோ ஒரு கொக்கியின் திருகு அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது. கால் சுற்றுத் தளர்த்தினால் போதும்.